அப்பாவின் ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துவிடலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 71 வயது. பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காசு விஷயத்தில் எப்போதுமே கறார். ஆனால் இந்த ஓராண்டில் ஒரே கரண்ட் பில்லை இரண்டு தடவை கட்டியிருக்கிறார். எஃப்டியைப் புதுப்பிக்க வங்கிக்குப் போனவர், ஆண்டுக்கு ஒரு லட்சம் பிரீமியம் கட்டவேண்டிய இன்சூரன்ஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். டீக்கடையில் பழக்கமான ஒருவரிடம் ஐம்பதாயிரம் ரூபாயை 'சீட்டு' என்று கொடுத்திருக்கிறார். மாதம் மூவாயிரம் வருமாம். "இது வயசா, நோயா? ஏடிஎம் கார்டை வாங்கி வைத்துவிடலாமா?" என்பது கேள்வி.

கார்டை வாங்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், அதற்கு முன் ஓர் அவசர வேலை இருக்கிறது. இன்சூரன்ஸ் பத்திரம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று பாருங்கள். பத்திரம் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் 'எனக்கு வேண்டாம்' என்று திருப்பிக் கொடுக்கும் உரிமை இப்போது உண்டு. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு விதி அது. அந்தக் கெடுவுக்குள் கொடுத்தால், பாதுகாப்பு இருந்த நாட்களுக்கான சிறு தொகை, முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனை செய்திருந்தால் அதன் செலவு ஆகியவை போக மீதிப் பணம் திரும்பி வரும்.

பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். வங்கிக்குப் போய் வாயால் கேட்பார்கள், "அடுத்த வாரம் வாங்க சார், பார்க்கலாம்" என்று பதில் வரும், நாள் ஓடிவிடும். வங்கி வெறும் விற்பனை முகவர். கடிதம் போக வேண்டியது இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளைக்கு. பாலிசி எண், பத்திரம் கிடைத்த தேதி, திருப்பிக் கொடுக்கும் காரணம், பணம் வரவேண்டிய கணக்கு எண் எல்லாம் எழுதி, அப்பா கையெழுத்திட்டு, மூலப் பத்திரத்தையும் ரத்து செய்த காசோலை ஒன்றையும் சேர்த்து நேரில் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். 30 நாள் தாண்டியிருந்தால் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார், அதில் தீராவிட்டால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேன். அதன் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. இந்த வழி நீளம். முதல் வழியைத் தவற விடாதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மூளைக்கு வயதாகிறது என்றால் மறதி என்றுதான் நாம் நினைக்கிறோம். பண விஷயத்தில் மறதியைவிட முன்னால் வருவது வேறொன்று. பழகிய கணக்கு, புதுக் கணக்கு என்று இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். காசிமேட்டில் நாற்பது வருடம் மீன் விற்ற ஓர் ஆயா, கூடை விலையையும் தண்டல்காரருக்குத் தரவேண்டிய பாக்கியையும் காகிதமே இல்லாமல் சொல்வார். அந்தப் பழகிய கணக்கு மூளையில் ஆழமாகப் பதிந்தது. எழுபது வயதிலும் பெரும்பாலும் ஆடாது. புதுக் கணக்கு வேறு. முன்பின் பார்த்திராத ஒரு திட்டத்தில் நாலைந்து விவரங்களை ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்தி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது பொருந்தாது என்று தள்ள வேண்டும். இது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியின் வேலை. அந்தப் பகுதியும், மூளையின் பகுதிகளை இணைக்கும் வெள்ளை நரம்பிழைகளும் வயதோடு மெலிகின்றன. நோய் எதுவும் இல்லாதவருக்கும் இது நடக்கும்.

அனுபவம் ஏறிக்கொண்டே போக, இந்த வேகம் இறங்கிக்கொண்டே வருகிறது. இரண்டும் சேர்ந்து பண முடிவுகள் மிகச் சரியாக அமையும் வயது எது? சுமித் அகர்வால், டேவிட் லெய்ப்சன் முதலியோர் அமெரிக்காவில் கடன் அட்டை, வீட்டுக் கடன் போன்ற பத்து வகை முடிவுகளைப் பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தவறுகள் மிகக் குறைவாக இருந்தது சுமார் 53 வயதில். அதாவது ஓய்வுக்காலப் பணம் மொத்தமாகக் கைக்கு வரும் நேரத்தில் உச்சம் ஏற்கெனவே தாண்டியிருக்கிறது.

இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொரு கண்டுபிடிப்பு. அமெரிக்காவிலேயே 2017-ல் வந்த ஓர் ஆய்வில், 60 வயதுக்கு மேல் பணம் பற்றிய அறிவுத் தேர்வில் மதிப்பெண் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சதவீதப் புள்ளி வீதம் குறைந்துகொண்டே போனது. 'எனக்குத் தெரியும்' என்ற நம்பிக்கை மட்டும் குறையவே இல்லை. உங்கள் அப்பா பிடிவாதம் பிடிக்கிறார் என்று தோன்றும். அவருக்குள்ளே எதுவும் மாறியதாக அவருக்குத் தெரியவில்லை என்பதுதான் நிஜம். முழங்கால் வலித்தால் மாடி ஏறும்போது தெரியும். இந்த மெலிவுக்கு வலி கிடையாது.

வங்கியில் என்ன நடந்திருக்கும் என்று இப்போது புரியும். வட்டி விகிதம், பிரீமியம், போனஸ், வரிச் சலுகை, எத்தனை வருடம் எடுக்க முடியாது என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் கொட்டப்படுகிறது. பின்னால் வரிசை நிற்கிறது. ஐந்தில் இரண்டைத்தான் மனம் பிடித்து வைத்திருக்கும். மீதியை விட்டுவிட்டு, மனிதர் திட்டத்தை எடைபோடுவதை நிறுத்தி, பேசுகிற ஆளை எடைபோட ஆரம்பிப்பார்: 'இந்தத் தம்பி மரியாதையா பேசுது.' ஆளை எடைபோடும் திறனும் வயதோடு மழுங்குகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஷெல்லி டெய்லர் குழு 2012-ல் இதைக் காட்டியது. நம்பத்தகாத முகங்களைப் பார்க்கும்போது இளையவர்களின் மூளையில் 'இன்சுலா' என்ற பகுதி சட்டென்று விழித்துக்கொண்டது. முதியவர்களிடம் அந்த விழிப்பு குறைவாக இருந்தது. 'வயிற்றைக் கலக்குது, ஏதோ சரியில்லை' என்று நமக்குத் தோன்றுமே, அந்த உணர்வோடு தொடர்புடைய இடம் அது. டீக்கடை நண்பரிடம் உங்களுக்கு உடனே தோன்றிய சந்தேகம் அப்பாவுக்குத் தோன்றாததற்கு அவர் ஏமாளி என்று பொருளில்லை.

சரி, வயதா நோயா? அடுத்த வீட்டுக்காரரோடு ஒப்பிட்டால் விடை கிடைக்காது. அவருடைய பழைய நிலையோடு ஒப்பிட வேண்டும். நம் பக்கத்தில் வட்டிக் கணக்கு நல்ல உரைகல். "ஐம்பதாயிரத்துக்கு ரெண்டு வட்டின்னா மாசம் எவ்வளவுப்பா?" என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். வாழ்நாள் முழுக்க வாயாலேயே 'ஆயிரம்' என்று சொன்னவர் இப்போது தடுமாறினால், அது பழகிய கணக்கு ஆடுவதன் அடையாளம். மருத்துவரிடம் போக அது போதிய காரணம். கணக்கைச் சரியாகச் சொல்லிவிட்டு, புதிய திட்டங்களில் மட்டும் ஏமாறுகிறார் என்றால் வயதின் மெலிவாக இருக்க வாய்ப்பு அதிகம். கூடவே பாருங்கள்: பாஸ்புக்கில் எந்த வரி எதற்கு என்று சொல்ல முடிகிறதா, மளிகைக் கடையில் மீதிச் சில்லறையை எண்ணி வாங்குகிறாரா, வழக்கமான பில்கள் விட்டுப்போகின்றனவா, ஒரே செலவுக்கு இரண்டு முறை பணம் எடுக்கிறாரா. ஒரு தடவை நடந்தால் எவருக்கும் நடக்கும். ஆறு மாதத்தில் மூன்று நான்கு என்று சேர்ந்தால் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அந்த நோட்டை அலட்சியமாக நினைக்காதீர்கள். தனியாக வாழ்ந்த 80,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க முதியவர்களின் கடன் பதிவுகளைப் பார்த்து 2020-ல் வெளியான ஆய்வில், பின்னாளில் டிமென்ஷியா (மறதி நோய்) என்று கண்டறியப்பட்டவர்கள் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பிருந்தே தவணைகளைத் தவறவிடத் தொடங்கியிருந்தார்கள். பில் கட்டுவதில் வரும் குழப்பம், மருத்துவமனையில் கேட்கும் 'இன்றைக்கு என்ன கிழமை' என்ற கேள்விக்கு முன்பே கண்ணில் படுகிறது.

மருத்துவரிடம் போகும்போது சரிசெய்யக்கூடிய காரணங்களை முதலில் தேடச் சொல்லுங்கள். பி12 குறைவு, தைராய்டு, ரத்தத்தில் சோடியம் குறைவது, சர்க்கரை மாத்திரையால் அடிக்கடி தாழ்சர்க்கரை, மனச்சோர்வு, இவை ஒவ்வொன்றும் யோசனையை மந்தமாக்கும். மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் பழைய வகை மாத்திரை, சிறுநீர் அவசரத்துக்குத் தரும் சில மாத்திரைகள் முதியவர்களின் மூளையைக் குழப்பும். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை சிலருக்குக் கட்டுக்கடங்காத செலவையும் சூதாட்டத்தையும் தூண்டிவிடும். அப்படியென்றால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். காது மந்தமா, கண்ணில் புரையா என்றும் பாருங்கள். பாதிதான் கேட்டது என்பதாலேயே 'சரி சரி' என்று தலையாட்டிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நரம்பியல் துறை இருக்கிறது. கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மையமும் உண்டு. நினைவுப் பரிசோதனை செய்தால், அப்பா எதுவரை படித்தவர் என்று சொல்லுங்கள். குறைவாகப் படித்தவருக்கு மதிப்பெண் குறைவாக வருவது நோயாகத் தெரிந்துவிடக்கூடும். குழப்பம் ஒரே நாளில், திடீரென்று வந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108.

அம்மாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. கணவர் இருந்தவரை வங்கிப் பக்கமே போகாத பெண், அவர் போனபிறகு பாஸ்புக்கைப் பார்த்துத் திகைத்தால் அது மூளை மெலிவு அல்ல, பழக்கமின்மை. சொல்லிக் கொடுத்தால் கற்றுக்கொள்வார். 'அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது' என்று கணக்கைக் கைமாற்றிக்கொள்வது இங்கே மிகச் சாதாரணமாக நடக்கிறது. மிகவும் தவறு அது.

இப்போது கார்டு. அதைப் பிடுங்கினால் அப்பா செலவை நிறுத்தமாட்டார், உங்களிடம் சொல்வதை நிறுத்துவார். ரகசியம்தான் ஏமாற்றுபவனுக்கு வேண்டியது. வீட்டில் அவருக்கு இருக்கும் மரியாதையும் பென்ஷனோடு பின்னிக் கிடக்கிறது. பேரனுக்கு நூறு ரூபாய் எடுத்துக் கொடுக்க முடியாத தாத்தா தளர்ந்து போவார். ஆகவே முழுப் பணத்தையும் பூட்டாமல், ஒரே நாளில் போகக்கூடிய தொகையைச் சிறிதாக்குங்கள்.

அதற்கு இரண்டு கணக்கு வேண்டும். பென்ஷன் வரும் கணக்கில் ஏடிஎம் கார்டு, யுபிஐ, நெட் பேங்கிங் மூன்றும் வேண்டாம். அதே கிளையில் இன்னொரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, மாதம் 3-ஆம் தேதி பென்ஷன் கணக்கிலிருந்து செலவுத் தொகை தானாக மாறும்படி நிலையான உத்தரவு கொடுக்கச் சொல்லுங்கள். பென்ஷன் 32,000 என்றால் 15,000 அல்லது 18,000. கார்டும் யுபிஐயும் இந்தக் கணக்கில் மட்டும். கார்டின் அன்றாட வரம்பை 5,000-க்குக் குறைத்து, வெளிநாட்டுப் பயன்பாட்டையும் ஆன்லைன் பயன்பாட்டையும் அணைத்து வையுங்கள். டீ, காய்கறிக்கு யுபிஐ லைட் போதும். அதில் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய்க்கு மேல் போகாது. கரண்ட் பில், கேஸ், போன் ஆகியவற்றைத் தானாகக் கட்டும்படி வைத்தால் இரட்டைக் கட்டணச் சிக்கலும் தீரும். ஏற்கெனவே இரண்டு தடவை கட்டிய மின் கட்டணம் அடுத்த பில்லில் முன்பணமாகக் கழிந்திருக்கும், சரிபாருங்கள்.

எஃப்டியில் பலர் கவனிக்காத ஒரு வசதி இருக்கிறது. கூட்டுக் கணக்கைத் தொடங்கும்போது 'ஐதர் ஆர் சர்வைவர்' (இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்) என்று பழக்கத்தில் டிக் அடித்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் 'ஜாயின்ட்லி' என்று அப்பா அம்மா இருவர் பெயரிலும் போட்டால், பணத்தை எடுக்க இரண்டு கையெழுத்தும் வேண்டும். யாரோ போனில் மிரட்டி 'எஃப்டியை இப்பவே உடைங்க' என்றால் தனி ஆளாக உடைக்க முடியாது. ஆனால் இருவரில் ஒருவர் நினைவிழந்து படுத்தால் அந்தப் பணம் சிக்கிக்கொள்ளும். அதனால் மருத்துவச் செலவுக்கான ஓர் எஃப்டியை மட்டும் ஐதர் ஆர் சர்வைவரில் விட்டு, பெரிய தொகைகளை ஜாயின்ட்லியில் வைப்பது சரியான பங்கீடு. 60 தாண்டியவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தையும் பாருங்கள். உச்சவரம்பு 30 லட்சம், ஐந்து வருடம், 2025-ல் வட்டி 8.2 சதவீதம். இடையில் முடித்தால் பணம் பிடிப்பார்கள். அந்த இடைஞ்சலே ஒரு காவல்.

மகனையோ மகளையோ பென்ஷன் கணக்கில் சேர்க்க முயலாதீர்கள். ரயில்வே பென்ஷன் கணக்கில் மனைவி அல்லது கணவருக்குத்தான் இடம்.

அடுத்து டீக்கடைச் சீட்டு. ஐம்பதாயிரத்துக்கு மாதம் மூவாயிரம் என்றால் ஆறு வட்டி. ஆண்டுக்கு 72 சதவீதம். சீட்டு என்பது உறுப்பினர்கள் மாதாமாதம் கட்டி, ஏலத்தில் தள்ளி எடுப்பது. மொத்தமாகக் கொடுத்து மாதாமாதம் நிலையான தொகை வாங்குவது சீட்டே கிடையாது, அது வைப்புத்தொகை. அதை வாங்க அவருக்கு அனுமதி இருக்கிறதா என்பதே கேள்வி. உண்மையான சீட்டு 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும்; முன் அனுமதி ஆணை எண், ஒப்பந்த நகல், பாஸ்புக் மூன்றையும் கேளுங்கள். முதல் மூன்று மாதம் வட்டி ஒழுங்காக வரும். அதைக் காட்டித்தான் அடுத்த ஐந்து லட்சத்தைக் கேட்பார்கள். சண்டை போடாமல், 'ஆஸ்பத்திரிச் செலவு' என்று சொல்லி அசலைத் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். தரவில்லை என்றால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் வைப்பீட்டாளர் பாதுகாப்புக்கு 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

எச்சரிக்கும் விதத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'பென்ஷன் நின்னுடும்னு போன் வந்தா நம்பாதீங்க' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். 2005-ல் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்தது. பொய் என்று மூன்று முறை எச்சரிக்கப்பட்ட தகவலை, மூன்று நாள் கழித்து முதியவர்கள் உண்மை என்று நினைவு வைத்திருந்தது, ஒரு முறை மட்டும் எச்சரிக்கப்பட்டதைவிட அதிகமாக இருந்தது. கேட்ட விஷயம் பழகிப்போய் மனத்தில் தங்குகிறது. 'பொய்' என்ற ஒட்டு மட்டும் உரிந்து விழுந்துவிடுகிறது. ஆகவே பொய்யைச் சொல்லிக் காட்டாதீர்கள், செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள்: 'பணம், ஓடிபி பத்தி யார் கேட்டாலும் போனை வை. என்னைக் கூப்பிடு.' யுபிஐயில் பணம் பெற ரகசிய 'பின்' எண் போட வேண்டியதே இல்லை என்பதையும் இதே போல நேர்வாக்கியமாகச் சொல்லுங்கள்: 'பின் போட்டா பணம் போகும்.' பெரிய எழுத்தில் எழுதிப் போன் வைக்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

கௌரவமாக நழுவ ஒரு வாக்கியமும் அவருக்குத் தேவை. வங்கி ஆள் முன்னாலோ டீக்கடை நண்பர் முன்னாலோ 'எனக்குப் புரியலை' என்று அவர் சொல்லமாட்டார். 'எங்க வீட்ல பொண்ணுதான் கணக்கு பாக்குது, கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்' என்று சொல்ல அவருக்குச் சங்கடம் இருக்காது. பத்தாயிரத்துக்கு மேல் எதுவானாலும் ஓர் இரவு தாண்டித்தான் முடிவு என்று குடும்பம் முழுக்க வைத்துக்கொள்ளுங்கள், நீங்களும் சேர்த்துத்தான். அவருக்கு மட்டும் என்றால் அவமானம். வங்கி வேலையைக் காலையில் முடியுங்கள். முதியவர்களில் பெரும்பாலோருக்கு மனம் தெளிவாக இருக்கும் நேரம் அதுதான்.

ஏற்கெனவே பணம் போய்விட்டால் முதல் ஒரு மணி நேரம்தான் பெரிது. சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் போட்டு, 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் தொகையையும் சொல்லுங்கள். உடனே வங்கிக்கும் சொல்லுங்கள். திட்டுவதை அப்புறம் கூட வைத்துக்கொள்ள வேண்டாம். திட்டு வாங்கியவர் அடுத்த முறை மூன்று நாள் கழித்துத்தான் சொல்வார்.

சட்டப் பத்திரங்களில் பொதுவான ஒரு தப்பெண்ணம்: 'பவர் எழுதி வாங்கிட்டோம், இனி கவலையில்லை.' இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி, எழுதிக் கொடுத்தவர் மனநிலை தவறினால் பவர் செல்லாமல் போகும். எந்த நாளுக்காக வாங்கினீர்களோ அந்த நாளில் அது கை கொடுக்காது. பிறகு காப்பாளராக நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றம் வரை போக நேரலாம். ஆகவே இப்போது, அவர் தெளிவாக இருக்கும்போதே கணக்கு அமைப்பை மாற்றுங்கள். வாரிசு நியமனத்தைப் புதுப்பியுங்கள். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரை நியமிக்கலாம். உயில் எழுத விரும்பினால், அன்றைய தேதியில் மருத்துவரிடம் மனத்தெளிவுச் சான்று வாங்கிச் சேர்த்து வையுங்கள். வீட்டைப் பிள்ளைகள் பெயரில் செட்டில்மென்ட் எழுதச் சொல்லி அவசரப்படுத்துகிறவர் சொந்த மகனே ஆனாலும் நிதானியுங்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால் 'கடைசிவரை பராமரிக்க வேண்டும்' என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். அது மீறப்பட்டால் 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வீட்டுக்குள்ளேயே நெருக்கடி இருந்தால் 14567 முதியோர் உதவி எண்.

இவற்றையெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உட்காரவைத்துப் பேசாதீர்கள். முதலில் இன்சூரன்ஸ் கடிதம். அதை அவரே கையெழுத்திட்டு, அவரே கொண்டுபோய்க் கொடுக்கட்டும், நீங்கள் கூடப் போங்கள். அடுத்த மாதம் இரண்டாவது கணக்கு. எப்படியும் நவம்பரில் வாழ்நாள் சான்று கொடுக்க வேண்டும். அந்த நாளை ஆண்டுக் கணக்கு நாளாக வைத்துக்கொள்ளுங்கள்: பாஸ்புக், எஃப்டி ரசீது, நியமனப் படிவம் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி, ஒவ்வொன்றும் எதற்கு என்று அவர் உங்களுக்குச் சொல்லட்டும். நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். சென்ற நவம்பரில் சொன்னதை இந்த நவம்பரில் சொல்ல முடிகிறதா என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.